மான் தின்ற படிவம்

முப்பத்தெட்டுத் தாள்கள்.
தலைப்பு: மாணவர் முழுமைநல மதிப்பீடு.
கடந்த இரண்டு வாரங்களில்
நன்றாக நித்திரை கொண்டேன்,
நேரத்துக்குச் சாப்பிட்டேன்,
என்னை விளங்கிக்கொள்ள ஒருவர் இருக்கிறார்.
ஒன்று தொடக்கம் ஐந்து வரை
பொருத்தமானதற்கு வட்டமிடுக.

விடுதிப் பிரதிநிதி என்று
ஆரோ என் பெயரை எழுதிவிட்டார்கள்.
கையெழுத்து வாங்குவதும்
தண்ணீர் வராத நாளில் பேச்சு வாங்குவதும்
என் வேலை.

எல்லாரும் ஐந்தைச் சுற்றினார்கள்.
சோற்று வரிசை நீளுமுன் முடிக்கவேணும்.
நானும் சுற்றினேன், அழகழகான வட்டங்கள்,
கணக்கியலில் இரண்டாம் தரமும் தவறிய
அதே பேனையால்.

நோர்வூட்டிலிருந்து வந்த ஜனுஸ்கா மட்டும்
பெயரும் பதிவிலக்கமும் எழுதி
மிச்சத்தை வெறுமையாய்த் தந்தாள்.
"மறந்திட்டியா?"
"இல்ல."
நானும் அதை அடியில் வைத்துவிட்டேன்.

உளவளத்துணை அறை
செவ்வாய் பத்திலிருந்து பன்னிரண்டு வரை திறக்கும்.
செவ்வாய் பத்திலிருந்து பன்னிரண்டு வரை
எங்களுக்குப் புள்ளிவிபரவியல்.
வரவு எண்பது வீதம் கட்டாயம்.

சனிக்கிழமை பிரதியெடுக்க
நிலாவெளி வீதியில் பஸ் பிடித்து
டவுனுக்குப் போனோம்,
நானும் மூதூர் றிப்காவும்.
"நானும் வாரேன்" என்று கடைசி நிமிடத்தில்
செருப்பைக் கொழுவிக்கொண்டு ஜனுஸ்கா.

பஸ் நிலையத்தடியில் வழக்கம்போல மான்கள்.
கதைகளில் அவை துள்ளி ஓடும்.
திருகோணமலையில்
வாழைப்பழத் தோலுக்குக் காத்து நிற்கும்,
ஆட்டோ ஹோர்ன் அடித்தாலும் அசையாது.

கச்சானுக்கு றிப்கா சில்லறை எண்ணிய நேரம்
பின்னால் ஒரு இழுப்பு.
கொம்பில் பொலித்தீன் சுற்றிய ஒரு கலைமான்
கோப்பிலிருந்து தாளொன்றை உருவி
ஆறுதலாய் மென்றுகொண்டிருந்தது.
நித்திரை ஐந்து.
சாப்பாடு ஐந்து.
தாடை இடமும் வலமும் அசைய அசைய
விளங்கிக்கொள்ள இருந்த ஒருவரும்
உள்ளே போனார்.
மிஞ்சிய மூலையில்
என் பதிவிலக்கம்.

"பொய்யெண்டா மானுக்கும் ருசிதான் புள்ள"
என்றாள் றிப்கா.

ஜனுஸ்கா சிரித்தாள்.
மூன்று கிழமையில் இதுதான் முதல் தடவை
என்பது எனக்கு உறைத்தது
அந்தச் சிரிப்பு நிற்கத் தெரியாமல்
வேறொன்றாய் மாறிய பிறகுதான்.

டச்பே மதிலில் இருந்தோம்.
ஆறுதல் சொல்ல எனக்கு வராது.
கோது உடைத்தேன்.
நல்ல வெயில். ஒரு வள்ளமும் இல்லை.

"மூணு மணிக்கு முழிப்பு வந்துருது.
வீட்டுக்குப் போன் எடுத்தா
அஞ்சுன்னுதான் சொல்றேன்.
தாள்லயும் அஞ்சு போட
கை வரல."

"எனக்கு ரெண்டு மணிக்கு" என்றேன்.
என் வாயிலிருந்து வந்ததைக் கேட்டு
நானே திடுக்கிட்டேன்.
எங்கள் அறைகளுக்கு நடுவில்
ஒரு சுவர்தான்.
றிப்கா ஒன்றும் கதைக்கவில்லை.
பெரிய பருப்புகளாய்ப் பொறுக்கி
எங்கள் பக்கம் தள்ளினாள்.

"ஒரு தாள் குறையுதே?"
"மான் தின்டிட்டுது மிஸ்."
மிஸ்ஸும் இந்த ஊர்தான்.
மறுகேள்வி கேட்காமல்
புதுத்தாள் தந்தார்.

நித்திரை, இரண்டு.
சாப்பாடு, மூன்று.
மூன்றாவது வரியில் பேனை கொஞ்சம் நின்றது.
நாலு.
ஐந்தை மானுக்கே விட்டுவிட்டேன்.

ஜனுஸ்கா தன் தாளைத் திருப்பி வாங்கி
ஒரு வட்டமும் போடாமல்
கீழே, வேறு கருத்துகள் என்ற இடத்தில்
எழுதினாள்:
இரண்டாம் மாடிப் படிக்கட்டில்
பல்ப் எரிவதில்லை.
இரவில் அங்கே ஆட்கள் இருக்கிறார்கள்.

செவ்வாய்க்கிழமை
புள்ளிவிபரவியலுக்கு நாங்கள் போகவில்லை.
என் வரவு எழுபத்தொன்பது.
அவள் உள்ளே.
வெளியே வாங்கில், அவளுடைய குடையோடு,
அடுத்தது நான்.